ஓடைவாயில் நிற்பவன்

சாமை முற்றிவிட்டால் காரைமலையில் பன்றி இறங்கும். பகலெல்லாம் மேலே புதரில் படுத்துக் கிடக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்து, முழுசாக இருட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அந்த மசங்கலில்தான் எழுந்து கதிரைத் தேடி வரும்.

ஊரும் அந்த நேரம் பார்த்துத்தான் விரட்டு வைக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் மேலே ஏறி, பறை அடித்துக்கொண்டே வரிசையாக இறங்குவார்கள். பன்றிகள் சத்தத்துக்குப் பயந்து ஓடைக்குள் விழுந்து கீழே ஓடிவரும். ஓடை குறுகுகிற இடத்துக்கு ஓடைவாய் என்று பேர். அங்கே ஒரே ஒரு ஆள் வில்லோடு நிற்பான். முன்னால் பன்றி வரும், அதன் பின்னாலேயே ஊர் ஜனம் வரும். அதனால் அங்கே யாரை நிறுத்துவது என்பதில் ஊர் விளையாடாது.

பதினாறு வருஷமாக அங்கே நின்றவன் சடையன்.

போன வருஷம் அவன் விட்ட அம்பு ஒரு பன்றியின் வயிற்றில் தைத்தது. அது அம்போடு ஓடிவிட்டது. மூன்று நாள் ரத்தச் சுவடு பார்த்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. எட்டாம் நாள் காற்றில் நாற்றம் வந்தது.

காரைமலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அடிபட்ட மிருகத்தைத் தொலைத்தவன் ஒரு ஆசானிடம் போய், வில்லையே தொட்டறியாதவன் மாதிரி முதலிலிருந்து கற்க வேண்டும். ஆசான் வாயால் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் மறுபடி ஓடைவாய். தலை நரைத்தவனானாலும் அப்படித்தான்.

சடையனுக்கு நாற்பத்தெட்டு வயசு. மசங்கலில் அம்பு விடச் சொல்லித்தர அந்த மலையில் இருந்தது ஒரே ஒரு ஆசான். அவள் பேர் மாதி. அவளுக்கு இருபத்தாறு வயசு, முதுகில் எட்டு மாசப் பெண்பிள்ளை.

அவள் அதைக் கற்ற கதை ஊருக்கே தெரியும். பகல் முழுக்க அவளுக்கு வேலை. களை எடுக்கணும், தண்ணீர் தூக்கணும், குத்தணும், புடைக்கணும். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு அது கொதிக்கிற வரைக்கும் உள்ள நேரம்தான் அவள் நேரம். சின்ன வயசிலிருந்து அந்த மசங்கலில்தான் வில்லைத் தொட்டாள். உலை கொதிப்பதற்குள் முயலோடு வந்துவிடுவாள் என்பார்கள்.

விரட்டுக்கு இருபது நாள் இருக்கும்போது சடையன் அவள் வாசலுக்கு வந்து வில்லைக் கீழே வைத்தான். மாதி சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

“மசங்கல்ல எப்படிக் குறி பார்க்கிறது, ஆசானே?” என்று கேட்டான். வழக்கத்துக்காக ‘ஆசானே’ என்று சொன்னானே தவிர, அவளைப் பிள்ளையிலிருந்து பார்த்தவன், நாக்கில் ‘நீ’ என்றுதான் வந்தது.

“மெதுவாப் பேசுங்க அண்ணே. பிள்ளை தூங்குது.”

அவன் குரலை இறக்கினான். பகலில் முப்பது அடியில் கோவைப்பழத்தை அடிப்பேன், மசங்கலில்தான் வெளிச்சம் போதவில்லை என்றான்.

மாதி உலக்கையை மாற்றிப் பிடித்தாள்.

“வெளிச்சம் யாருக்குமே போதாது. சாயங்காலம் வாங்க.”

ஊற்றடியில் பெண்கள் அவனைச் சும்மா விடவில்லை. அப்படியே பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டவும் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்கள். சடையன் சிரித்துக்கொண்டே நடந்தான். சிரிப்பு முகத்தோடு நின்றது.

மாதி வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அதற்கு முன்னால் சாமை வைக்கோலைக் கட்டி ஒரு பன்றி செய்து வைத்திருந்தாள். இருபத்தைந்து காலடி தள்ளி அவனை நிறுத்தினாள். வருவதற்கு முன்னால் அடுப்பைப் பார்க்காதீர்கள், தீயைப் பார்த்த கண் மசங்கலுக்குப் பழக நேரமாகும் என்றாள். பன்றியை நேராக முறைக்காமல் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கச் சொன்னாள். மசங்கலில் நேராகப் பார்த்தால் மறைவது, பக்கத்தில் பார்த்தால் தெரியும். நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், கண் களைத்துவிடும் என்றாள். அம்பின் வாலில் கொக்கு இறகு கட்டினாள், போகிற வழி வெள்ளையாகத் தெரியட்டும் என்று.

எப்போது நிறுத்துவது என்பதற்கு அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பிள்ளையின் கன்னத்தில் கண்பட்டுவிடாமல் வைத்த மைப்பொட்டு தெரிகிறவரைக்கும் விடலாம். பொட்டு மறைந்தால் வில்லை இறக்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் ஒரே கேள்வி கேட்பாள்.

“தலை எந்தப் பக்கம்?”

அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் நாணை விடலாம். விட்ட பிறகு அவனே நடந்து போய் அம்பைப் பிடுங்கிவர வேண்டும்.

முதல் நான்கு நாள் ஒரு அம்புகூடப் படவில்லை. ஒன்று மேட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டில் குத்தி நின்றது. பக்கத்தில் பாருங்க, பக்கத்தில் பாருங்க என்று மாதி சொன்னாள். சடையன் பக்கத்தில் பார்த்தான், நேராகப் பார்த்தான், கண்ணை மூடித் திறந்து பார்த்தான். எங்கே பார்த்தாலும் ஒன்றுதான். சாம்பல் தண்ணீருக்குள் முழித்துப் பார்ப்பதுபோல இருந்தது.

இது அவனுக்குப் புதுசில்லை. சூரியன் விழுந்தால் போதும், யாரோ முகத்தில் துணியைப் போட்டதுபோல ஆகிவிடும். மூன்று வருஷமாக இப்படித்தான். மாலைக்கண் என்று அவனுக்கே தெரியும். யாரிடமும் மூச்சுவிடவில்லை. வீட்டில் அவனும் மகள் ரங்கியும் மட்டும்தான். அவளுக்குக்கூடத் தெரியாது. பொழுதோடு சாப்பிட்டால்தான் செரிக்கிறது என்று சொல்லி, தட்டைத் தடவுகிற நிலை வருமுன்னே சாப்பாட்டை முடித்துவிடுவான். இருட்டில் நடக்கும்போது வில்லைத் தடியாக ஊன்றிக்கொள்வான். வேட்டைக்காரன் நடை அப்படித்தான் என்று ஊர் நினைத்தது.

ஓடைவாய் கையை விட்டுப் போய்விட்டால் ஏன் போனது என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியும். கையைப் பிடித்து வாசலில் உட்கார வைப்பார்கள்.

ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் மாதி காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் மண்மேட்டுக்கு வந்தான். வைக்கோல் பன்றியைப் பார்த்து நின்றான். இடது கால் நிற்கிற இடத்தில் ஒரு கூழாங்கல், வலது காலுக்கு ஒன்று. இரண்டையும் மண்ணோடு மண்ணாக அழுத்தினான். கட்டைவிரல் தாடையில் எங்கே பட்டால் அம்பு முன்னந்தோளில் போய் நிற்கிறது என்று பார்த்தான். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டான். வெயில் சாய்கிறவரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தான்.

அன்று மசங்கலில் மூன்று அம்பும் பன்றியில் நின்றன.

“தலை எந்தப் பக்கம்?” என்று மாதி கேட்டாள்.

“ஓடைப் பக்கம்.”

தலை என்றைக்கும் ஓடைப் பக்கம்தான் இருந்தது.

மறுநாளும் மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று. மைப்பொட்டு மறைந்துவிட்டது, போதும் என்று மாதி சொன்ன பிறகும், இன்னொன்று விடுகிறேன் என்று விட்டான், அதுவும் பட்டது. சேதி பரவியது. ஜனங்கள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். தொட்டில் ஆட்டச் சொன்ன பெண்களே இப்போது சடையண்ணனுக்கு ஆந்தைக் கண் என்றார்கள். ஊர் மூப்பனும் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இதற்கு மேல் என்ன வேணும், ஆசான் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றார்.

ரங்கிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விரட்டு வரிசையில் ஓடைக்குள் இறங்கி, பன்றிக்கு நேர் பின்னால் பறை அடித்து வருகிற இடம் ஒன்று உண்டு. யாரும் அதை ஆசைப்பட்டு வாங்கமாட்டார்கள். கீழே நிற்கிறது என் அப்பன்தானே, அந்த இடத்தில் இந்த வருஷமும் நானே வருகிறேன் என்று அவள் மூப்பனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாதி மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பு பிடுங்கப் போகும்போது சடையனின் உதடு அசைந்தது, எண்ணுகிறவன் உதடு மாதிரி. இருபத்தைந்து ஆனதும் நின்றான். அம்பின் வாலில் கொக்கு இறகு வெள்ளையாகத் தெரிய, அவன் கை முதலில் பன்றியின் முதுகைத் தடவி, அங்கிருந்து தோளுக்கு இறங்கி, பிறகுதான் அம்பைப் பிடித்தது.

விரட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் சடையன் வந்தான். வேலியோரம் யாரும் இல்லை. எல்லாரும் நாளைக்கு வேண்டியதைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

“இன்னைக்காவது சொல்லு ஆசானே. நாளைக்கு விரட்டு,” என்றான்.

“விடுங்க, பார்க்கலாம்,” என்றாள் மாதி.

அவன் காலால் தடவிக் கல்லைக் கண்டுபிடித்து நின்றான். அம்பைத் தொடுத்தான். கட்டைவிரல் தாடையில் வந்து அமர்ந்தது.

“தலை எந்தப் பக்கம்?”

“ஓடைப் பக்கம்.”

விட்டான். சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. வைக்கோலில் பட்டால் சொதக்கென்று கேட்கும். இது தொம்மென்று கேட்டது. பனியில் நனைந்த வைக்கோல் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டான். இரண்டாவதற்கும் அவள் கேட்டாள், அவன் அதே பதிலைச் சொன்னான். மூன்றாவதற்கும்.

“எங்க பட்டுச்சு அண்ணே?”

“மூணும் முன்னந்தோள்ல.”

“எடுத்துட்டு வாங்க.”

சடையன் நடந்தான். இருபத்தைந்து எண்ணிக் கையை நீட்டினான். ஒன்றுமில்லை. ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. எண்ணிக்கை தப்பிவிட்டது என்று பக்கவாட்டில் தடவினான், குனிந்து தடவினான். காற்றுதான் இருந்தது. இன்னும் இரண்டு அடி போனதும் கை சில்லென்ற மண்ணில் முட்டியது. மண்மேடு. அதில் அவன் அம்புகள் மூன்றும் ஒரு சாண் அகலத்துக்குள் குத்தி நின்றன.

அவன் ஒரு அம்பைப் பிடித்தபடியே நின்றான். பிடுங்கவில்லை.

பின்னாலிருந்து மாதியின் குரல் வந்தது. உரக்க இல்லை. பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“தலை எந்தப் பக்கம் இருந்துச்சு அண்ணே?”

சடையனுக்குக் கோபம் வந்தது. மகள் வயசுக்காரி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்றான். பன்றி எங்கே என்று கேட்டான்.

“வைக்கோலைப் பிரிச்சு மாட்டுக்குப் போட்டுட்டேன். மத்தியானமே தின்னு முடிச்சிருச்சு.”

அவனுக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்து, வராமல் போனது. மேட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டான். கூழாங்கல் தன் காலில் குத்திய அன்றைக்கே தெரியும் என்றாள் மாதி. கல்லை எடுத்துப் போட்டிருக்கலாமே என்றான். எடுத்தால் வேறு கல் வைப்பீர்கள் என்றாள்.

“யார்கிட்டயாவது சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லுவியா?”

“மாட்டேன்.”

மாதி அம்புகளைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அவன் வில்லின் ஒரு முனையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். வாங்க, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு சடையன் பேச ஆரம்பித்தான். கண் போனால் என்ன, காது இருக்கிறது என்றான். முன்னால் வருவது பன்றி, பின்னால் வருவது பறை. பன்றி ஓடுகிற சத்தத்தை வைத்தே எடை சொல்வேன், ஆணா பெட்டையா என்றுகூடச் சொல்வேன். பறைச் சத்தம் இருக்கிற பக்கம் மனுசர், அதற்கு முன்னால் சரசரக்கிறது மிருகம். இதில் தப்ப என்ன இருக்கிறது என்றான்.

மாதி கேட்டுக்கொண்டே நடந்தாள்.

“போன வருஷமும் அப்படித்தான் விட்டீங்களா?”

வில்லின் மறுமுனை நின்றுவிட்டது. அவளும் நின்றாள்.

“சரசரன்னு கேட்டுச்சு. கிட்ட பறைச் சத்தம் இல்ல. விட்டேன்.”

“அப்புறம்?”

“கத்தின பிறகுதான் பன்றின்னு தெரிஞ்சுது.”

அவனே தொடர்ந்தான்.

“வழியில ரங்கி பறை கிழிஞ்சுபோச்சு,” என்றான். “அடிக்காமலே இறங்கிட்டு வந்திருக்கா. அம்பு விட்டப்போ பன்றிக்குப் பின்னால பத்தடியில நின்னிருக்கா. அதை அவளே ஓடிவந்து சொன்னா. அப்பன் என்னைப் பார்த்துக்கிட்டே, என்னை விட்டுட்டு, பன்றியை மட்டும் பார்த்து அடிச்சாருன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னா. இப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா.”

அவன் குரல் உடையவில்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான்.

மறுபடி நடந்தார்கள். வழி இறங்கி, பிறகு ஏறியது. மிதிக்கிற மண்ணை வைத்தே வீடு வந்துவிட்டது என்று சடையனுக்குத் தெரிந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் மட்டும் அவனுக்கு மங்கலாக, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பழம் மாதிரி தெரிந்தது. ரங்கி நாளைக்காகப் பறையை அனலில் காட்டி, தோல் இறுகியதா என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுவதும் நிறுத்திக் கேட்பதுமாக இருந்தாள். அப்பன் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

சடையன் குரலைத் தாழ்த்தினான்.

“நீயே சொல்லு ஆசானே. நில்லுன்னா நாளைக்கு நிக்கிறேன். வேண்டாம்னா இந்த வில்லை இப்பவே அடுப்புல வைக்கிறேன். உன் வார்த்தைதான்.”

மாதி பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினாள். கையிலிருந்த மூன்று அம்பையும் அவனிடம் கொடுத்தாள்.

“என்னைக் கேக்காதீங்க அண்ணே. என்கிட்ட இப்பச் சொன்னதை உள்ள போயி ரங்கிகிட்டச் சொல்லுங்க. அதைக் கேட்டுட்டும் அவ நாளைக்குப் பறையைத் தூக்கிக்கிட்டு மேல ஏறினான்னா, நீங்க கீழ நில்லுங்க.”